ஏசி ரூமுக்குப் போன லேப்டாப்

ஹார்ட் டிஸ்க்கின் அடியில் ஒரு பச்சைத் தகடு இருக்கும். சின்னச் சின்ன திருகுகளைக் கழற்றி அதைத் திருப்பினால் வரிசையாகப் பளபளவென்று புள்ளிகள் தெரியும். டிஸ்க்குக்குள் மின்சாரம் போகிற வழி அதுதான். மாமா கொண்டுவந்த லேப்டாப்பை நான் முதன்முதலாகப் பிரித்தபோது அந்தப் புள்ளிகள் அத்தனையும் விறகடுப்புப் பாத்திரத்தின் அடியைப் போலக் கறுத்திருந்தன. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத லேப்டாப். ஆம்பூர் பஜாரில் நான் சர்வீஸ் கடை போட்டு உட்கார்ந்த புதிது அப்போது. தண்ணீர் கொட்டியது, டீ கொட்டியது, எறும்பு குடித்தனம் வைத்தது எல்லாம் பார்த்திருந்தேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. "இன்னா மாமா, இத எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். "எங்க வப்பேன், நான் இருக்கற எடத்துலதான்" என்று சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து டீ சொல்லப் போனார்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் கழிவுநீர் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆப்பரேட்டர். தோலிலிருந்து மயிரை உதிர்க்க மருந்து போட்டு ஊறவைப்பார்கள். அந்தத் தண்ணீர் முழுக்கக் கடைசியில் வந்து விழுவது மூடி போட்ட ஒரு பெரிய தொட்டியில். தொட்டியை ஒட்டினாற்போல மாமாவின் ரூம். அழுகிய முட்டை நாற்றம் என்பார்கள். முட்டையைக் குறை சொல்லக்கூடாது, இது அதைவிட மோசம். லேப்டாப்பைக் கொடுக்க நான் முதன்முதலாக அங்கே போனபோது துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். மாமா உள்ளே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துப் போண்டா தின்றுகொண்டிருந்தார். "பழகிடும், வா" என்றார்.

நல்ல மனுஷர். நான் கடை வைக்கப் போகிறேன் என்றபோது, பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்க்ரூ டிரைவர் எதற்கு என்று வீட்டில் ஆளாளுக்குக் குதித்தார்கள். மாமா ஒருவர்தான் ஏணி போட்டு ஏறிக் கடைக்கு போர்டு மாட்டினார். கம்பெனியில் யாரிடம் பேசினாலும், "எங்க கொழுந்தியா கை வச்சா செத்த கம்ப்யூட்டர்கூட எழுந்து உக்காரும்" என்று அளந்துவிடுவார். அதனால் பிளான்ட் லேப்டாப் படுத்துவிட்டால் போன் எனக்குத்தான் வரும். தண்ணீரின் அளவுகளை அதிலிருந்துதான் தினமும் அனுப்ப வேண்டும். ஒருநாள் தவறினால் மேனேஜர் மாமாவைப் பிய்த்து எடுத்துவிடுவார்.

புது ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றும் இருக்காது. மாட்டி ஆன் செய்தால், கிளம்புவதற்கு என்னிடம் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒற்றை வரி சொல்லிவிட்டு நின்றுகொள்ளும். பென் டிரைவைச் செருகி, முதலில் இதைப் படி என்று அதற்கு எடுத்துச் சொல்லி, டிஸ்க்கைப் பாகம் பிரித்து, ஓ.எஸ். ஏற்ற வேண்டும். அப்புறம் வைஃபைக்கு, சத்தத்துக்கு, பிரிண்டருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் டிரைவர் தேடிப் போட வேண்டும். மீட்டர்களிலிருந்து அளவு வாங்கும் சாஃப்ட்வேர் கடைசியில். அது ஏறி முடிவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். மாமாவுக்கு மட்டும் போகாது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் சதவீதம் ஏறுவதைக் கிரிக்கெட் பார்ப்பதுபோலப் பார்ப்பார். நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர் நிம்மதியாக உட்காருவது அப்போதுதான். "பழசு ஒண்ணும் இதுக்கு ஞாபகம் இருக்காதா?" என்று ஒருமுறை கேட்டார். "இருக்காது மாமா, எல்லாம் போச்சு" என்றேன். "குடுத்து வச்சது" என்றார். இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் கொடு என்று கேட்கும் இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "பாப்பா பேரு போடு" என்பார். அவருடைய மகளின் பெயரைப் போடுவேன்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தொட்டிக்குள் இருக்கும் பம்பில் மயிரும் சவ்வும் போய் அடைத்துக்கொள்ளும். யாராவது இறங்கித்தான் எடுக்க வேண்டும். இறங்கக்கூடாது என்று போர்டு இருந்தது. போர்டு பாட்டுக்கு இருந்தது. உள்ளே விஷ கேஸ் இருக்கிறதா என்று காட்ட ஒரு மீட்டரும் இருந்தது. லேப்டாப்புக்கு வந்த வியாதியே அதற்கும் வந்து, உள்ளே எல்லாம் கறுத்து, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் மூடியைத் திறந்து ஆறவிடுவார்கள். பிறகு மாமா வந்து குனிந்து முகத்தை உள்ளே நீட்டி வாசம் பார்ப்பார். "கம்மியாய்டுச்சு, எறங்கு" என்று அவர் சொன்னால் இறங்குவார்கள். "ஜாஸ்தியா கீது, இரு" என்றால் காத்திருப்பார்கள். பிளான்ட்டில் பழைய ஆள் அவர்தான். அவர் மூக்கின் மேல் எல்லோருக்கும் அத்தனை நம்பிக்கை.

இரண்டாம் முறை லேப்டாப் படுத்தபோது பிரித்துப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பச்சைத் தகடு முழுக்க விபூதி. "இன்னா மாமா, இதுக்குப் பூஜை போட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் அசடு வழிந்தார். வீடு கம்பெனிக்குப் பின்தெருவில் இருந்தது. அந்தத் தெருவில் யாருடைய வெள்ளியும் வெள்ளியாக இருக்காது. அக்கா தன் மெட்டியையும் பாப்பாவின் கொலுசையும் வெள்ளிக்கிழமைதோறும் விபூதி போட்டுத் தேய்ப்பாள், வெளுத்துவிடும். லேப்டாப் நின்றதும் மாமா தானே திருகைக் கழற்றி, கறுத்த புள்ளிகளைப் பார்த்து, மெட்டிக்கு வந்த கறுப்புதானே என்று அதே விபூதியைப் போட்டுத் தேய்த்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச நாள் ஓடியும் இருக்கிறது. அந்தக் கதையைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். மெட்டியில் ஏறுவதும் மெஷினில் ஏறுவதும் ஒரே கறுப்பு என்று அவர் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார்.

மூன்றாம் முறை மேனேஜரே நேரில் நின்றார். இது தயாரிப்புக் கோளாறு இல்லை, அந்த ரூமில் இருக்கும் கேஸ் செம்பையும் வெள்ளியையும் தின்கிறது, எத்தனை டிஸ்க் மாற்றினாலும் இதே கதைதான் என்று கறுத்த தகட்டைக் கையில் கொடுத்தே சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கறையாகக் கேட்டார். மறுநாளே வயர் இழுக்க ஆள் வந்துவிட்டது. மாடியில் அக்கவுன்ட்ஸ் ரூமுக்குப் பக்கத்தில் ஏசி போட்ட ஒரு தடுப்பு அறை. லேப்டாப்பை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே உட்கார்ந்து நான் ஓ.எஸ். போட்டபோது மேனேஜர் பக்கத்தில் இருந்தார். பெயர் கேட்கும் இடத்தில் கம்பெனி பெயரைப் போடச் சொன்னார். கீழே மாமா வழக்கம்போலத் தொட்டிக்குப் பக்கத்து ரூமில் இருந்தார். "ஆப்பரேட்டருக்கு சார்?" என்று கேட்டேன். "அவரு எப்பயும்போல வந்து ரீடிங் பாத்துட்டுப் போவட்டும்" என்றார். செருப்பை மட்டும் வெளியே விடச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமாவிடம் சொன்னால், "லேப்டாப்புக்கு ப்ரமோஷன் வந்துடுச்சு, நீ ஏன் பேஜார் ஆவற" என்று சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பு எங்களுக்கு அடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் அக்காவும் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தோம். கதவைத் திறக்கும்போதே குப்பென்று சமையல் கேஸ் அடித்தது. பாப்பா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா அடுப்புக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டீ பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. அக்கா சிலிண்டரை மூடினாள், ஜன்னலைத் திறந்தாள், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். திரும்பி வந்து, மல்லிகைப்பூ, மண்ணெண்ணெய், ஊறுகாய், பினாயில் என்று ஒவ்வொன்றாக அவர் மூக்கருகில் வைத்தாள். அவர் சின்னப் பிள்ளை போலக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "எத்தினி நாளா இப்படி?" என்று அக்கா கேட்டாள். "ரொம்ப நாளா" என்றார். "கம்பெனியில?" "சொல்லாத. தெரிஞ்சா நிறுத்திடுவாங்க." நான் அப்போதே கேட்டேன், அப்படியென்றால் மூடியைத் திறந்து எப்படி வாசம் பார்க்கிறீர்கள் என்று. கண் எரிச்சலை வைத்துச் சொல்லிவிடுவேன் என்றார்.

அன்றிலிருந்து அக்கா அவரை நச்சரிக்காத நாள் இல்லை. அழுதாள், சாப்பாடு போடாமல் சண்டை பிடித்தாள். கடைசியில் மாமா இறங்கி வந்தார். என் கடைக்கு வந்துவிடுவது என்று முடிவானது. பிரிண்டர் வேலையெல்லாம் கற்றுக்கொள்கிறேன் என்று அவரே ஆசையாகச் சொன்னார். அவருக்கென்று ஒரு நாற்காலிகூட வாங்கிப் போட்டேன். தோல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்வையிட வருகிறார்கள், அதுவரைக்கும் மட்டும் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். பாதியில் விட்டுவிட்டு வந்தால் நன்றாக இருக்காதாம். நாங்களும் சரி என்றோம்.

வெளிநாட்டுக்காரர்கள் வருவதற்கு முன்னால் தொட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பம்ப் அடைத்துக்கொண்டது. அதே பின்தெருவில் இருந்த பம்ப் ஆள் ஒருவர் இறங்கத் தயாராக நின்றார். மாமா குனிந்து பார்த்தார். "கம்மியாய்டுச்சு, எறங்கு" என்றார். இறங்கியவர் ஏணியிலிருந்து அப்படியே நழுவி விழுந்திருக்கிறார். மாமா கத்திக்கொண்டே பின்னால் இறங்கினார். மற்றவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லையாம். வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இரண்டு பேருடைய கதையும் முடிந்துவிட்டது. அந்த கேஸ் அதிகமானால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போக வைக்கும், நல்ல மூக்கு உள்ளவனுக்கும் அந்த இடத்தில் ஒன்றும் தெரியாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என்னிடம் விளக்கினார். அக்காவுக்கு அதைப் பலமுறை சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை.

கம்பெனிக்குக் காரணம் சொல்ல வழி கிடைத்தது. ஆப்பரேட்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஆள் இறங்கினான் என்றார்கள். அது பொய்யும் இல்லை. தெருவில் அந்தப் பேச்சு வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. குழாயடியில் அக்கா போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏசி ரூமுக்குப் போன லேப்டாப் மட்டும் அன்றைக்குப் போட்ட ஓ.எஸ்.ஸோடு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கென்று எனக்கு ஒரு போன்கூட வந்ததில்லை.

போன மாதம் அக்கா திடீரென்று, "அந்தம்மாவப் பாத்துச் சொல்லிட்டு வந்துடலாம், கூட வா" என்றாள். பம்ப் ஆளின் மனைவியைத்தான் சொன்னாள். என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். மாமாவின் பெயரில் மிச்சமிருப்பதையும் எதற்குக் கெடுக்க வேண்டும் என்று கேட்டேன். "என்னால சோறு எறங்கலடி" என்றாள். துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அந்தப் பெண் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஷூ கம்பெனி கொடுத்தனுப்பிய மேல்தோல்களை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. அக்கா தரையிலேயே உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. "அவருக்கு வாசனையே தெரியாதும்மா. எனக்குத் தெரியும், இவளுக்கும் தெரியும். தெரியாத மூக்க வச்சிக்கினுதான் உங்கூட்டுக்காரர எறங்கச் சொன்னாரு. இத உங்கிட்ட யாரும் சொல்லிருக்க மாட்டாங்க. அதான் வந்தேன்" என்றாள்.

அந்தப் பெண் கையில் இருந்த தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தேன். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"எங்கூட்டுக்காரருக்கும் தெரியாதுக்கா. கொழம்பு கருகிப்போய் வச்சாலும் ஒண்ணும் சொல்லாம துன்னுட்டு எழுந்து போவாரு. அங்க வேல செய்யறவங்க யாருக்குக்கா தெரியும்? ஆப்பரேட்டர் ஒருத்தருக்காவது மூக்கு நல்லா கீதுன்னு, அவரு பாத்துச் சொன்னாதான் நாங்க எறங்குவோம்னு சொல்லிக்கினு இருப்பாரு."