எஸ்தர் சிஸ்டரும் பிரகாஷின் அட்டையும்

நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி பழைய மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எழுத எனக்கு வராது. ஆகவே முதலில் குறித்துக்கொள்கிறேன்.

1. செய்தி வந்த விதம்.
2. சிஸ்டர் பெயர் கேட்கும் முறை.
3. ஊசி போட்ட அந்த நாளும், அதன் விசாரணையும்.
4. கல்லறைத் தோட்டத்தில் எனக்குத் தெரியவந்தது.
5. அதை அவர் என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை என்பது.

அஞ்சலிக் கட்டுரையில் ஐந்தாவதற்கு இடமுண்டா என்று தெரியவில்லை. இல்லையென்றால் தொகுப்பவர்கள் நீக்கிவிடலாம்; நான் வருத்தப்பட மாட்டேன்.

வேப்பம்பட்டில் என் வீட்டில், வாரத்துக்கான மாத்திரைகளை ஏழு அறைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது கவிதாவின் போன் வந்தது. நம் பயிற்சி வகுப்பின் முதல் குழுவில் படித்தவள். "சார், நம்ம எஸ்தர் சிஸ்டர் போய்ட்டாங்க சார்" என்றாள். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் வியாழக்கிழமை அறையில் இரத்த அழுத்த மாத்திரை இரண்டு கிடந்தது. எல்லாவற்றையும் கொட்டி முதலிலிருந்து அடுக்கினேன். பிறகுதான் ரயிலுக்குக் கிளம்பினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் சில தொழிற்சாலைகள் சேர்ந்து நடத்திய ஒரு சிறு மருத்துவமனையில் அவர் நர்ஸ், நான் மருந்தாளுநர். பின்கட்டில் இருந்த கூடத்தில் மருத்துவ உதவியாளர் பயிற்சி வகுப்பும் நடந்தது. மருந்துகளைப் பற்றி நான் சொல்லித்தருவேன். அவற்றை மனித உடம்புக்குள் எப்படிச் செலுத்துவது என்பதை அவர் சொல்லித்தருவார். ஒன்பது வருடம் இப்படி இருந்தோம்.

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தையும் கரும்பலகையில் எழுதிப் போடுவது என் வேலை. அவர் வந்து முதல் வரியின் கீழ் மட்டும் ஒரு கோடு இழுப்பார். "மத்த நாலும் சார் பாத்துப்பாரு. ஆளு யாருன்னு நீங்கதான் பாக்கணும். பேரைச் சொல்லிக் கேக்காதீங்க, பேரைக் கேளுங்க" என்பார். நீங்கள் முருகனா என்று கேட்டால், வலியில் இருப்பவன் யாராக இருந்தாலும் தலையாட்டிவிடுவான். உங்கள் பெயர் என்ன என்று கேட்டால் அவனே சொல்லியாக வேண்டும். வட மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளர்களிடம் இது எவ்வளவு அவசியம் என்பதை உங்களில் பலர் பிறகு வேலைக்குப் போன இடங்களில் கண்டிருப்பீர்கள்.

ஒருமுறை சர்க்கரை பார்க்க வந்த வயதான ஃபோர்மேன் ஒருவர் கோபித்துக்கொண்டார். இத்தனை வருடமாக வந்துகொண்டிருக்கிறேன், என் பெயர் தெரியாதா என்று சத்தம் போட்டார். சிஸ்டர் நிமிராமலே, "எனக்குத் தெரியும்ணே. உங்களுக்கு ஞாபகம் இருக்குதான்னு பாக்கறேன்" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஃபோர்மேனும் சிரித்துப் பெயரைச் சொன்னார்.

என்னையும் விட மாட்டார். மருந்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, கொடுக்கும்போது ஒருமுறை, மிச்சத்தைத் திரும்ப வைக்கும்போது ஒருமுறை என்று மூன்று தடவை அதன் மேல் ஒட்டிய சீட்டைப் படிப்பது என் பழக்கம். "சாரு கல்யாணப் பத்திரிகை வந்தாலும் மூணு தபா படிச்சிட்டுதான் மொய் கவரு வாங்குவாரு" என்று மாணவர்களிடம் சொல்வார். அப்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால், என்னை இப்படிக் கவனித்து வைத்திருக்கிறாரே என்று உள்ளூரச் சந்தோஷமும் இருந்தது. அவரை நான் முழுமையாக நம்பினேன்.

இனி மூன்றாவது. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் வந்தார். கேட் பாஸில் பிரகாஷ் என்று இருந்தது. பெயர் கேட்டதற்கும் பிரகாஷ் என்றார். அந்தப் பெயரில் அலமாரியில் இருந்த மருத்துவ அட்டையை எடுத்தேன். அதில் ஒவ்வாமை எதுவும் குறிக்கப்படவில்லை. எந்த ஊசியாவது ஒத்துக்கொள்ளாதா என்று வாயாலும் கேட்டேன். அவர் வாசலில் நின்ற மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார். டாக்டர் வலி ஊசி எழுதிவிட்டு அடுத்த தொழிற்சாலைக்குக் கிளம்பியிருந்தார். நான் அட்டையை உரக்கப் படித்து, மூன்று முறை பார்த்த மருந்தைக் கொடுத்தேன். பயிற்சி முடித்து எங்களிடமே வேலைக்குச் சேர்ந்திருந்த கவிதா ஊசி போட்டாள்.

சில நிமிடங்களில் அவர் உடம்பு முழுவதும் தடித்தது. உதடு வீங்கி மூச்சு இழுத்தது. கவிதா போட்ட சத்தத்தில் வகுப்பிலிருந்த சிஸ்டர் ஓடி வந்தார். அவசரப் பெட்டியைத் திறந்து, இம்மாதிரி நேரத்துக்கென்று டாக்டர் எழுதி வைத்திருந்தபடி, தொடையில் அட்ரினலின் போட்டார். ஆக்ஸிஜன் வைத்தார். "டில்லி, இங்க பாரு. டில்லி, கண்ணத் தொற" என்று கன்னத்தைத் தட்டினார். பதற்றத்தில் பெயரை மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்த மனிதர் மூச்சு விட ஆரம்பித்துவிட்டார். பிழைத்தார்.

மறு வாரம் நிர்வாகத்தின் விசாரணை. அட்டையைச் சரிபார்த்தது யார் என்று கேட்டார்கள். சிஸ்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "சார்தான் படிச்சாரு" என்றார். அவ்வளவுதான். அது பொய் அல்ல, படித்தது நான்தான். ஆனால், இந்த மனிதர் மூன்று முறை படிப்பவர், இவர்மேல் தவறு இருக்காது என்று ஒரு வார்த்தை சேர்ப்பார் என எதிர்பார்த்தேன். சேர்க்கவில்லை. ஒவ்வாமையைக் கேட்டு எழுதத் தவறியவன் என்று என் பெயரில் பதிவாயிற்று. அந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். முப்பத்தெட்டு வருடம் மருந்து கொடுத்த கை, அதன்பின் எந்த மருந்துக்கும் சீட்டு ஒட்டவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சிஸ்டர் கேக் கொடுத்தனுப்புவார். நான் நன்றி சொல்வேன். அதற்கு மேல் இருவரும் பேசியதில்லை. எங்கே தவறினேன் என்று ஆறு வருடம் யோசித்தேன். அன்று என் கண் எதையோ தாண்டிப் போயிருக்கிறது என்றே நம்பினேன்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு ஓரமாக நின்றபோது, ஷேர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வந்து கையைப் பிடித்தார்.

"இன்னா சார், அடையாளம் தெர்லியா? நான்தான் சார் பிரகாஷ்."

முகம் நினைவுக்கு வரவில்லை. பெயர் வந்தது. நன்றாக இருக்கிறாயா அப்பா என்றேன். அவர் சிரித்தார்.

"பிரகாஷ் எங்க சித்தப்பா மவன் சார். எம் பேரு டில்லிபாபு. எனக்கு பாஸ் முடிஞ்சி போச்சி. அவன் பாஸ்லதான் நான் உள்ள போய்க்கினு இருந்தேன். ஷெட்ல பாதிப் பேரு அப்டித்தான் சார், மேஸ்திரி ஏற்பாடு. அன்னிக்கும் மேஸ்திரி வாசல்ல நின்னுக்கினு இருந்தானே, நான் எப்டி வாயத் தொறப்பேன்? அது பழைய ஊசிதான்னும் எனக்குத் தெரியாது."

பழைய ஊசி என்றால் என்ன என்று கேட்டேன்.

"முன்ன சொந்தப் பேர்ல இருந்தப்பவே இதே ஊசில ஒரு தபா தடிச்சிது சார். நீங்கதான சேப்புப் பேனால அட்டைல எழுதினீங்க?"

அப்படியானால் டில்லிபாபுவின் அட்டை, சிவப்பு மையில் என் கையெழுத்தோடு, அதே அலமாரியில் இருந்திருக்கிறது. நான் அட்டையைப் படிக்கிறவன். முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறவன் அல்ல.

சிஸ்டருக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம? லைன்ல எங்க பக்கத்து ஊடு சார் அவங்க. சொன்னா அத்தினி பேரு வேலையும் பூடும்னு கம்முனு இருந்தாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உங்களாண்ட சொல்லலியா சார்?"

ரயிலில் திரும்பும்போது இரண்டையும் எடை போட்டுப் பார்த்தேன். அத்தனை குடும்பங்களின் சோறு ஒரு பக்கம். வயதான ஒருவனின் நல்ல பெயர் மறுபக்கம். அவர் தேர்ந்தெடுத்தது சரியாகவே இருக்கலாம். ஆனால், பெயரைக் கேளுங்கள் என்று நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கற்பித்தவர், அந்த அலமாரியிலிருந்த பெயர்கள் பொய் என்று தெரிந்தே என் பக்கத்தில் நின்றார். ஆறு வருடம் என் கண்ணை நானே சந்தேகிக்க விட்டார். இறந்தவரைப் பற்றி இப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது. வேறு மாதிரி எழுதினால் அது பொய்ச் சீட்டு ஒட்டிய புட்டியாகிவிடும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று சொல்லி முடிக்க வேண்டும். டில்லி, டில்லி என்று கன்னத்தைத் தட்டிய அந்தக் குரலை வைத்துக்கொள்கிறேன். ஓர் உயிர் போய்க்கொண்டிருந்தபோது அதன் சொந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது.

இதுவரை எழுதிவிட்டு, வழக்கம்போல மூன்றாம் முறை படித்தேன். படிக்கும்போது ஒரு மழைநாள் மத்தியானம் நினைவுக்கு வந்தது. விசாரணைக்கு ஒரு வருடமாவது முந்தி இருக்கும். நோயாளிகள் இல்லை. இருவரும் அட்டைகளை அகர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தோம். சிஸ்டர் கை நிறைய அட்டைகளை வைத்துக்கொண்டு, "சார், இதுல இருக்கற பேரும் வர்ற ஆளும் ஒண்ணுதான்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா?" என்றார்.

எதைச் சொல்ல வருகிறார் என்று எனக்குப் பாதி புரிந்துவிட்டது. "அதை எங்கிட்ட சொல்லாதீங்க சிஸ்டர். எனக்குத் தெரிஞ்சா நான் எழுதிக் குடுக்க வேண்டி வரும்" என்றேன்.

அவர் "சரி சார்" என்று சொல்லிவிட்டு அட்டைகளை அடுக்கத் தொடங்கினார்.

விசாரணையில் அவர் பேசாமல் இருந்ததை என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. ஆனால் மேலே ஐந்தாவதாக நான் குறித்தது தவறு. அவர் சொல்ல வந்தார். சொல்ல வேண்டாம் என்றவன் நான்.