வண்டி நாறக் கூடாது

பஞ்சாமிர்தம் வயிற்றுக்குள் போகும்போது ஒரு வாசம், திரும்பி வரும்போது வேறு. வாழைப்பழமும் வெல்லமும் ஏலக்காயும் பித்தத்தோடு சேர்ந்து, தகரத்தின் மேல் வெயிலில் காய்ந்து, அதோடு சூடேறிய பிரேக்கின் வாடையும் டீசல் புகையும் கலந்தால் வருகிற நாற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இன்றைக்கும் என்னால் சொல்லிவிட முடியும். என் சின்ன வயசுக்கு அந்த வாசனைதான்.

எங்கள் வீடு பெருமாள்மலை முக்கில், டீக்கடைகளுக்குப் பின்னால் சரிவில் இருந்தது. பழனியிலிருந்து வருகிற மலைப்பாதையும் வத்தலக்குண்டிலிருந்து வருகிற பாதையும் அங்கேதான் சேரும். பழனியில் மொட்டை போட்டு, சாமி கும்பிட்டு, பஞ்சாமிர்த டப்பாவை வண்டியிலேயே திறந்து தின்றபடி கொடைக்கானலுக்கு ஏறுகிறவர்கள், கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொருவராகச் சாய்ந்து, எங்கள் முக்குக்கு வந்து சேரும்போது வண்டிக்கு உள்ளேயும் வெளியேயும் வாந்தியாகக் கிடக்கும். அவர்கள் இறங்கி டீ குடித்து முடிப்பதற்குள் வண்டியைக் கழுவித் தர வேண்டும். கழுவியது என் அம்மா. நீங்களும் அந்த வண்டிகளில் ஒன்றில் வந்திருக்கலாம். அம்மாவைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த நேரத்தில் எல்லாரும் வேறு பக்கம் திரும்பி நின்றுகொள்வார்கள்.

அம்மா பெயர் பேச்சியம்மாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் டீக்கடை செல்லையா மாமா ஒருவர்தான். மற்றவர்களுக்கு அவள் "வாந்திக்காரம்மா". நான் "வாந்திக்காரம்மா மக". தங்கச்சி செல்விக்கு அப்போது நாலு வயசு. அவள் அம்மா வயிற்றில் இருக்கும்போதே அப்பா கேரளாப் பக்கம் வேலைக்குப் போனார், வரவில்லை. எனக்குப் பத்து வயசு.

மலையிலிருந்து ரப்பர் குழாயில் இறங்கி வருகிற ஊற்றுத் தண்ணீர் டீக்கடைக்குப் பின்னால் ஒரு டிரம்மில் இராப்பகலாய் விழுந்துகொண்டிருக்கும். அம்மா அதில் மொண்டு வண்டியின் பக்கத்தை அலசுவாள். உள்ளே, சீட்டின் மேல், கடையில் வடிகட்டிப் போட்ட டீத்தூளையும் அடுப்புச் சாம்பலையும் தூவி, ஈரம் இழுத்ததும் வழித்தெடுத்து, ஈரத்துணியால் துடைத்து, கடைசியில் தைல மரத்துத் தழையைக் கையில் கசக்கி எல்லாச் சீட்டிலும் தேய்ப்பாள். நாற்றம் போய்விடும். துடைக்கிறதற்காக வண்டிக்குள் ஏறலாம். உட்காரக் கூடாது. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. அம்மாவும் உட்கார்ந்ததில்லை. கூலியை அவள் கையில் படாமல் மேலே இருந்து போடுவார்கள், இல்லையென்றால் வண்டிப் படியில் வைப்பார்கள்.

செல்லையா மாமா மட்டும் பேச்சுக்கு இழுப்பார்.

"என்ன பேச்சி, இன்னைக்கு என்ன பலகாரம்?"

"எல்லாம் பஞ்சாமிர்தந்தேன். நடுவுல ஒங்க கடை வடை ரெண்டு. மென்னு பாத்துட்டு முடியாம அப்பிடியே அனுப்பிட்டாங்க போல."

கடையில் இருக்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அம்மாவுக்கு டீ, அவள் வீட்டிலிருந்து கொண்டுவருகிற தகரப் போணியில்தான்.

டிரைவர்கள் எல்லாரும் பயணிகளுக்கு ஒரே மாதிரி புத்தி சொல்வார்கள். "வயித்துல தண்ணி இருந்தாத்தேன் வாந்தி வரும். மேல போற வரைக்கும் புள்ளைகளுக்கு ஒரு சொட்டு குடுக்காதீங்க." பழனியிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வேன் கொண்டுவருகிற ராசு அண்ணன் இதைச் சத்தமாகச் சொல்வார். அம்மாவை "அக்கா" என்று கூப்பிடுவார், எங்களுக்கு வாழைப்பழம் கொண்டுவந்து தருவார். அம்மா இதை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாததா என்று நம்பினாள். எனக்கும் சொல்லியிருக்கிறாள்.

அது மே மாதம், சீசன். விடிகிற நேரத்தில் செல்விக்குப் பேதி ஆரம்பித்தது. கூடவே வாந்தி. அம்மா சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள், நிற்கவில்லை. எட்டு மணிக்கெல்லாம் பிள்ளைக்குக் கண் உள்ளே போய்விட்டது. எங்கள் முக்கில் அப்போது டாக்டர் கிடையாது, கொடைக்கானலுக்குத்தான் போக வேண்டும். சீசனில் பஸ் எல்லாம் கீழேயே நிரம்பி வரும், முக்கில் நிற்காது. இரண்டு பஸ்ஸுக்குக் கை காட்டினோம். இரண்டும் நிற்காமல் போய்விட்டன.

முதலில் ஒரு வேன்காரர் பாவப்பட்டு ஏற்றிக்கொண்டார். அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிச் சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். முதல் வளைவு திரும்பும்போது செல்வி குடித்த சுக்குத் தண்ணீர் முழுவதையும் சீட்டில் எடுத்தாள். அம்மா சேலை முந்தானையால் உடனே துடைத்தாள். அந்த மாதிரி வேகமாக அவள் துடைத்து நான் பார்த்ததில்லை.

"டிரைவர், நிறுத்துங்க. இவ்வளவு தூரம் கஷ்டப்பட்டு வர்றோம், இந்த ஸ்மெல்லோட எப்படி வர்றது?" என்று முன் சீட்டில் இருந்த ஒரு பெண்மணி சொன்னார்கள். கோபமாகச் சொல்லவில்லை. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, கெட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி செல்வியைப் பார்த்தார்கள்.

இறக்கிவிட்டார்கள். நடந்து முக்குக்கே திரும்பினோம். அப்படியே மேலே நடந்திருக்கலாம் என்று அம்மா பின்னால் பல வருஷம் சொன்னாள். நடந்திருந்தால் மத்தியானத்துக்குள் போயிருப்போம். அன்றைக்கு அது தோன்றவில்லை.

அதற்கப்புறம் மூன்று வண்டி. அம்மா கழுவிவிட்டுக் கேட்டாள். கூலி வேண்டாம், ஏற்றிக்கொள்ளுங்கள் என்றாள். "புள்ளைக்கு என்ன?" என்று கேட்டார்கள். பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு. வாந்தி என்றாள். கதவை மூடிக்கொண்டார்கள்.

"ராசு வருவான்," என்றாள் அம்மா என்னிடம். "அவன் நம்மளை விட்டுட்டுப் போக மாட்டான். ஏ மாரி, இங்க பாரு. இனி இவளுக்குத் தண்ணி குடுக்காத. வண்டில எடுத்துட்டாள்னா திரும்பவும் எறக்கி விட்ருவாங்க. எத்தனை அழுதாலும் குடுக்காத."

சொல்லிவிட்டு அடுத்த வண்டி கழுவப் போனாள். நான் செல்வியை மடியில் போட்டுக்கொண்டு டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நிழல் அங்கேதான் இருந்தது. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது.

"அக்கா, தண்ணி."

"ராசண்ணன் வரட்டும். மேல போயிக் குடிக்கலாம்."

"கொஞ்சம்."

"வண்டி நாறிரும்டி."

 பிறகு கையை நீட்டி டிரம்மில் வழிகிற தண்ணீரைத் தொட்டாள். விரலை வாய்க்குக் கொண்டுபோனாள். நான் அந்தக் கையைப் பிடித்து என் பாவாடையில் ஈரம் போகத் துடைத்தேன். இரண்டு தடவை அப்படிச் செய்தேன். மூன்றாவது தடவை அவள் கை நீட்டவில்லை. சொன்னபடி கேட்கிறாள் என்று நினைத்தேன்.

ராசு அண்ணன் வேன் வரும்போது உச்சி வெயில். மேலே ஒரே நெருக்கடி, வண்டி எல்லாம் ஊர்கிறது என்றார். அம்மா ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் பயணிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏத்திக்கிறேங்க்கா. ஆனா உள்ள ரெண்டு பேரு எடுத்திருக்காங்க. வெரசா கழுவி விட்ரு, போயிருவோம்."

அம்மா கழுவினாள். சாம்பல் தூவி, துடைத்து, தழை தேய்த்து, ஒன்றையும் விடாமல் செய்தாள். நான் செல்வியோடு வண்டி ஓரத்தில் நின்றேன். அவள் தலை என் தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. பயணிகள் டீ குடித்துவிட்டு வந்து தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பெரியவர் ஒருவர், "சின்னப்புள்ள, பாவம். கீழ உக்காரட்டும், பேப்பர் விரிங்க," என்றார். விரித்தார்கள். கதவுப் பக்கம் தரையில் உட்கார்ந்தோம். ராசு அண்ணன் எப்போதும் போலக் கேட்டார்.

"தண்ணி எதுவும் குடுக்கலையே, அக்கா?"

"வெள்ளனே குடுத்ததுதேன் தம்பி. அதுக்கப்புறம் ஒரு சொட்டு காட்டல."

செல்வி வாந்தி எடுக்கவில்லை. ஊர்ந்து ஊர்ந்து போன அந்தப் பாதை முழுக்க ஒரு தடவைகூட எடுக்கவில்லை. ஏரிப் பக்கம் திரும்புகிற இடத்தில் எங்களை இறக்கிவிட்டபோது அந்தப் பெரியவர் சொன்னார்: "பரவால்லையே, பொண்ணு சுத்தமா வந்துட்டாளே!" அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் செல்வியின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றது. ஊசி போட நரம்பு தேடினார்கள், கிடைக்கவில்லை.

"என்னம்மா குடுத்தீங்க? தண்ணி குடுத்தீங்களா?"

அம்மா நிமிர்ந்து, பரீட்சையில் சரியாகப் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி சொன்னாள்: "ஒரு சொட்டு குடுக்கலீங்க சார்."

டாக்டர் அவளையே பார்த்தார். "பேதி போற புள்ளைக்குத் தண்ணிதானம்மா மருந்து," என்றார். திட்டவில்லை. பக்கத்தில் இருந்த நர்சம்மாதான், "படிக்காத சனம், என்ன சொல்லி என்ன?" என்றார்.

வண்டி நாறக் கூடாது என்று அம்மா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நாலு மணிக்குச் செல்வி போய்விட்டாள்.

திரும்பி வருவதற்கு அம்மா யாரிடமும் வண்டி கேட்கவில்லை. தூங்குகிற பிள்ளையைப் போல முந்தானை போர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். "அழுகாத. அழுதா எறக்கி விட்ருவாங்க," என்று என் காதில் சொன்னாள். கூட்டம் நெரிந்தது. ஒரு காலேஜ் பையன் எழுந்து, "பாப்பா தூங்குது, உக்காருங்கம்மா," என்றான். பஸ்ஸில் அம்மாவுக்கு ஒருவர் இடம் கொடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவள் உட்கார்ந்தாள். பெருமாள்மலை வரைக்கும் உட்கார்ந்தே வந்தாள்.

நாலாம் நாள் கழுவப் போனாள். ராசு அண்ணன் இறங்கியதும் கேட்டார்.

"பாப்பா எப்பிடிக்கா இருக்கு?"

"போயிட்டா தம்பி. தண்ணி குடுத்திருக்கணுமாம். டாக்டரு சொன்னாரு."

ராசு அண்ணன் வண்டிக்குத் திரும்பாமல் டிரம் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். பயணிகள் ஹாரன் அடித்துக் கூப்பிட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் புத்தியைச் சொல்லி நான் கேட்கவில்லை. மற்ற டிரைவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அம்மா ஒரு புதுச் சொம்பு வாங்கினாள். அதைக் கழுவுகிற துணியோடு சேர்க்காமல் கடைக்கு முன்னால் தனியாக வைத்தாள். துவண்டு இறங்குகிற பிள்ளைகளைக் கண்டால் அதில் தண்ணீரோடு போய் நிற்பாள். "புள்ளைக்குத் தண்ணி குடுங்கம்மா. எடுத்தா எடுக்கட்டும். நான் கழுவித் தாரேன்," என்பாள். அவளையும் பார்ப்பார்கள், அவள் கையையும் பார்ப்பார்கள். "ஒன் சோலியப் பாரு," என்பார்கள். சில பேர் பிள்ளையை இழுத்து மறுபக்கம் நிறுத்திக்கொள்வார்கள். செல்லையா மாமாகூட, "ஏவாரத்தக் கெடுக்காத பேச்சி," என்றார். பன்னிரண்டு வருஷம் அவள் கழுவினாள். அந்தச் சொம்பிலிருந்து யாரும் குடித்து நான் பார்த்ததில்லை. கழுவுகிறது மட்டும் அவள் வேலை. சொல்கிறது இல்லை.

அம்மா இப்போது இல்லை. டிரம்மும் இல்லை, அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. வண்டிகள் எல்லாம் கண்ணாடி ஏற்றிக் குளுகுளுவென்று வருகின்றன. வாந்தி எடுக்கப் பை கொடுக்கிறார்கள், அதை முடிச்சுப் போட்டு வளைவுகளில் வீசுகிறார்கள். கழுவுகிறதற்கு மோட்டார் வைத்த கடை வந்துவிட்டது. வாந்திக்காரம்மா என்று ஒருத்தி இருந்தாள் என்பது முக்கில் இருக்கிற பையன்களுக்குத் தெரியாது.

நான் நாயுடுபுரத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிறேன். சீசனில் மலையேறி வந்த பிள்ளைகள் கட்டிலிலேயே வாந்தி எடுத்துவிடும். போன் அடித்து, "ரூம் கிளீன் பண்ற லேடியை அனுப்புங்க," என்பார்கள். போவேன். அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனியில் நின்றுகொள்வார்கள். விரிப்பை மாற்றி, துடைத்து முடித்த பிறகு, சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான தம்ளரில் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, பிள்ளையின் தலைமாட்டில் வைப்பேன். ஒன்றும் சொல்ல மாட்டேன். சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று தெரியும்.

மறுநாள் அறை கூட்டும்போது முதலில் அந்தத் தம்ளரைத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் வைத்தபடியே இருக்கும்.