பதினொரு ‘பாப்பம்’

ஒன்பது பேர் ஆட வேண்டிய அணியில் ஐந்து பேர் மட்டுமே மிஞ்சியிருந்த ஒரு நவம்பர் மாலையில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பகல் வேலை ஏற்கெனவே இருந்தது: பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் கடைகளுக்கும் றெஸ்ரோரன்ற்களுக்கும் லொறியில் மரக்கறி கொண்டுபோய் இறக்குவது. இது சம்பளம் இல்லாத இரண்டாவது வேலை. ஒஸ்ரேலியன் ஃபுட்போல் அணிக்கு ஆள் சேர்ப்பது. அந்தத் தொழிலில் இதற்கு ‘லிஸ்ட் மனேஜர்’ என்று பெயர். பெயரைக் கேட்டவுடன் நெஞ்சை நிமிர்த்தினேன். லிஸ்டைப் பார்த்தவுடன் பழையபடி குனிந்துகொண்டேன்.

தெரியாதவர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பந்து உருண்டை இல்லை. பூதத்தின் வீட்டுப் பலாக்கொட்டை மாதிரி இருக்கும். காலால் உதைக்கலாம், கையால் குத்தி அனுப்பலாம், ஏந்திக்கொண்டு ஓடலாம். உதைத்த பந்தை நிலத்தில் விழாமல் பிடித்தால் அது ‘மார்க்’. பிடித்தவரை ஒருவரும் தொடக்கூடாது. அவர் நின்று, மூச்சு வாங்கி, ஆறுதலாக உதைக்கலாம். ஒஸ்ரேலியாவில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். இங்கே றக்பி மைதானத்தை இரவல் வாங்கி ஒன்பது பேர். இந்த ஆட்டத்தில் ஓஃப்சைட் கிடையாது. யாரும் எங்கேயும் நிற்கலாம். ‘எங்கேயும் நிற்கலாம்’ என்றொரு சட்டம் பொலிஸ் மறித்து விசா கேட்கும் லா சப்பலில் எவ்வளவு இனிமையாகக் கேட்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

எங்கள் பயிற்சியாளர் கெல்லி. மெல்பேர்னில் பிறந்து, பாரிசில் ஆங்கிலம் படிப்பிக்கும் பெண். எங்களோடு பிரெஞ்சில் கதைப்பார். தமிழில் ‘ஓம்’, ‘ஓடு’, ‘விடாதை’ என்ற மூன்று சொற்களும் தெரியும். அணி நடத்த அது போதும்.

“செல்வா, உமக்கு இந்தத் தெருக்களிலை எல்லாரையும் தெரியும். எனக்கு ஆள் வேணும்” என்றார். மார்ச் கடைசியில் பொபினி அணியோடு தகுதி ஆட்டம். அன்றைக்கு ஒன்பது பேரை இறக்காவிட்டால் லீக்கில் எங்களுக்கு இடமில்லை. அணியைக் கலைத்துவிட்டு, மிஞ்சிய ஐவரும் வேறு அணிகளின் வாங்கில் போய்க் குந்தியிருக்க வேண்டியதுதான்.

எறிந்து பார்த்தல்

ஆள் சேர்ப்பவர்கள் கணினியில் வீடியோ பார்ப்பார்கள், ஓட்டம் அளப்பார்கள். என்னிடம் இருந்தது மரக்கறி. லொறியின் பின்கதவைத் திறந்து, வாசலில் நிற்பவரைப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் எறிவேன். பிடித்தால் பெயர் கேட்பேன். பிடிக்காவிட்டால் மன்னிப்புக் கேட்பேன்.

குகனை அப்படித்தான் கண்டுபிடித்தேன். ரூ பஜோல் வீதிக்குப் பின்தெருவில் ஒரு றெஸ்ரோரன்றின் சமையல்காரன். வன்னியிலிருந்து வந்து சில வருடம்தான். குசினிக் கதவில் சாய்ந்து, தொலைபேசியைக் காதில் வைத்து மனைவியோடு கதைத்துக்கொண்டிருந்தான். ஒரு பூசணிக்காயை வீசினேன். ஒற்றைக் கையால் மார்போடு அணைத்துப் பிடித்தான். கதை நிற்கவில்லை.

“பொறப்பா, ஒரு விசரன் பூசணிக்காயாலை எறியிறான்... ஓம், நல்ல காய்தான்.”

சலூன்காரன் ஜெகன் ஒரு கோவாவை, அதுதான் முட்டைக்கோசை, எட்டிப் பாய்ந்து பிடித்தான். மறுகையில் கத்தரிக்கோல், நாற்காலியில் பாதித் தலையோடு ஒரு வாடிக்கையாளர். ஒரு பலசரக்குக் கடைக்காரரின் நெற்றியில் மரவள்ளிக்கிழங்கு பட்டது. அந்தத் தெருவுக்கு நான் கொஞ்சக் காலம் வேறொருவரை அனுப்பினேன்.

நிமலன்மேல் மட்டும் நான் எதையும் எறிவதில்லை. என் மனைவியின் தம்பி, பாரிசிலேயே பிறந்தவன், காப்புறுதி அலுவலகமொன்றில் வேலை. மிஞ்சிய ஐந்து பேரில் அவனும் ஒருவன். கெல்லியின் வியூகங்கள் எல்லாம் மனப்பாடம். எந்த நேரம் யார் எங்கே நிற்க வேண்டும் என்று உறக்கத்திலும் சொல்வான். பந்துதான் அவன் கையில் நிற்காது. பந்துக்கும் அவனுக்கும் ஏதோ பழைய கோபம்.

வரம்பும் வாய்க்காலும்

பயிற்சியைக் கிழமை நாட்களில் பின்னேரம் வைத்தோம். றெஸ்ரோரன்ற்காரருக்கு மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை ஒரு இடைவெளி உண்டு. தூங்குவதற்கு என்று கடவுள் கொடுத்த நேரம். அதை நான் களவெடுத்தேன். இப்படிப் பதினொரு பேர் வந்துபோனார்கள், கறித்தூள் வாசனையோடு.

கெல்லி வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினார். மைதானத்தின் நடுப்பகுதி ஆபத்தானது. எதிரி அதற்குள்ளால் வந்தால் நேரே கம்பத்துக்குப் போய்விடுவான். அதை அடைத்து, அவனைக் கரைக்குத் தள்ள வேண்டும். நாங்கள் பந்து எடுத்தால் கரையால் போவதுபோல் போக்குக் காட்டி நடுவைத் திறக்க வேண்டும். நிமலன் தமிழில் மொழிபெயர்த்தான். மொழிபெயர்க்க மொழிபெயர்க்க எல்லோருக்கும் விளங்காமல் போனது.

குகன் கையை உயர்த்தினான். “அக்கா சொல்லுறது வயலுக்குத் தண்ணி கட்டுறதுதானே? நடுவிலை வாய்க்கால். கரையிலை வரம்பு. வாய்க்காலை மறிச்சா தண்ணி வரம்பாலை வழியும். இதுக்கேன் இவ்வளவு அம்பு?”

அன்றிலிருந்து ‘மறி!’ என்றால் நடுவை அடைக்க வேண்டும். ‘வரம்பு!’ என்றால் கரைக்கு உதைக்க வேண்டும். ‘திற!’ என்றால் நடுவால் பாய வேண்டும். பொபினி அணியில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பதால், எங்கள் இரகசியங்களைத் தொண்டை கிழியக் கத்தலாம். மேம்பாலத்து மெத்ரோ ரயிலுக்கும் கேட்டிருக்கும்.

கெல்லியின் பச்சைப் பேனா

ஆட்டத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை கெல்லி என் லொறியில் ஏறி லிஸ்டை நீட்டினார். பதினாறு பெயர். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

ஐந்து பெயருக்கு எதிரே ‘ஓம்’. மற்றப் பதினொரு பெயருக்கும் பச்சைப் பேனாவால் சரி போட்டு, பக்கத்தில் லத்தீன் எழுத்தில் ஒரே சொல்லை எழுதியிருந்தார். எழுத்துக்கூட்டி வாசித்தேன். பாப்பம். பாப்பம். பாப்பம்.

“இது ஆர் சொன்னது?”

“அவையள்தான். ‘ஞாயிறு வருவியளோ’ எண்டு ஒவ்வொருத்தரையும் நானே கேட்டனான். எல்லாரும் சிரிச்சுக்கொண்டு ‘பாப்பம்’ எண்டிச்சினம். நிமலனிட்டை கருத்துக் கேட்டன். ‘பார்ப்போம்’ எண்டு பிரெஞ்சிலை சொன்னான். ஞாயிறு மைதானத்திலை பார்ப்போம் எண்டுதானே?”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பச்சைச் சரிகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். நிமலன் பொய் சொல்லவில்லை. சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் யாழ்ப்பாணத்தானோ வன்னியானோ, எதிரே நிற்பவரின் முகத்தை முறிக்காமல் ‘மாட்டேன்’ என்று சொல்லக் கண்டுபிடித்த சொல் அது. கடன் கேட்டவனுக்குப் பாப்பம். கலியாணம் பேசி வந்தவருக்குப் பாப்பம். பாப்பம் என்றால் கதவு பூட்டியாகிவிட்டது, வெளியே நிற்பவர் குளிரக் கூடாது என்பதற்காக விளக்கை மட்டும் அணைக்காமல் விட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

நிமலனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “எனக்கெப்பிடித் தெரியும் அத்தான்?” என்றான். “இல்லையெண்டா இல்லையெண்டு சொல்ல வேண்டியதுதானே. பிரெஞ்சிலை ஒரு சொல்தான். மூண்டு எழுத்து.”

காரணமும் எனக்குத் தெரியும். லா சப்பலில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சனம் குவியும் நாள். எந்த முதலாளியும் லீவு கொடுக்க மாட்டார். கேட்டுப் பார்க்கவே எங்கள் ஆட்கள் கூச்சப்பட்டிருக்கிறார்கள். ஞாயிறு வரப்போவது ஐந்து பேர். கெல்லியின் கண்ணில் பதினாறு பேர்.

பெயர் வெட்டு

கெஞ்சினால் இன்னொரு பாப்பம் கிடைக்கும். ஆகவே வெள்ளிக்கிழமை மரக்கறி இறக்கும்போது ஒவ்வொருவரிடமும் நேர்மாறாகக் கதைத்தேன். கெல்லிக்குச் சொல்லவில்லை.

“குகன், குறை நினையாதை. உன்ர பேரை லிஸ்டிலையிருந்து வெட்டியாச்சு.”

வெங்காயம் வெட்டிய கை நின்றது. “ஆர் வெட்டினது?”

“கெல்லிதான். பொபினிக்காரர் சொல்லியிருக்கினமாம், உனக்கு முழங்கால் போட்டுது, இனி ஓடமாட்டாய் எண்டு.”

“எந்த நாய் சொன்னது? அண்ணை, இஞ்சை பாருங்கோ!” குசினிக்குள்ளேயே பத்துத் தரம் குந்தி எழும்பினான். சட்டிகள் ஆடின. சத்தம் கேட்டு அவனுடைய முதலாளி வந்தார். பத்து வருடமாக யாருக்கும் ஞாயிறு லீவு கொடுக்காத மனிதர்.

“என்ன நடக்குது இஞ்சை?”

“பொபினிக்காரர் என்னை நொண்டி எண்டு சொல்லிப்போட்டினமாம் அண்ணை.”

முதலாளி ஏப்ரனைக் கழற்றி மேசையில் எறிந்தார். “என்ர கடைப் பெடியனையோ? டேய், ஞாயிறு நீ இஞ்சை வந்தா உன்னை நான் வேலையாலை நிப்பாட்டுவன். மைதானத்துக்குப் போ. கொத்து நான் போடுறன்.”

ஜெகனின் சலூனில் கதை இன்னும் சுருக்கமாக முடிந்தது. “லா சப்பலிலை ஆக்களை வெட்டுறது நான். என்னை வெட்ட ஆர் அவ?” என்று கேட்டு, ஞாயிறு காலை வர இருந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுக்கத் தொடங்கினான்.

இப்படியே பதினொரு இடம். ஒரு இடத்திலும் ‘பாப்பம்’ என்ற சொல் கேட்கவில்லை.

ஞாயிறு

சென் தெனிப் பக்கத்து மைதானத்தில் பதினொரு பேரும் எனக்கு முன்னே வந்து நின்றார்கள், போருக்குப் போகிற முகத்தோடு. மிஞ்சிய ஐவரோடு பதினாறு. கெல்லி தன் லிஸ்டைப் பார்த்து, “நான் சொன்னனான்தானே” என்பதுபோல் தலையாட்டினார்.

சட்டப்படி களத்தில் ஒன்பது, மாற்றுக்கு ஆறு. ஒருவர் வெளியே நிற்க வேண்டும். அதைச் சொல்வது லிஸ்ட் மனேஜரின் வேலை. வெட்டியதாகப் பொய் சொல்வது எனக்கு இலகுவாக இருந்தது. உண்மையாக வெட்ட நாக்கு எழும்பவில்லை. நிமலன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

“நானோ அத்தான்?”

வாய்வரை ‘பாப்பம்’ வந்தது. விழுங்கினேன். “ஓமடா. இண்டைக்கு நீ இல்லை.”

அவன் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

அந்த நேரம் பொபினிப் பயிற்சியாளர் பாஸ்கால் ஒரு தாளோடு எங்களிடம் வந்தார். அவருக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். குளிர்காலம் முழுக்க அவரும் லா சப்பலில் ஆள் தேடியிருக்கிறார். அதே பதினொரு பெயர், அதே சொல். “செல்வா, இந்தப் ‘பாப்பம்’ எண்டது ஏதும் நோய் வருத்தமோ? உங்கடை ஆக்கள் எல்லாருக்கும் இருக்கு” என்று பிரெஞ்சில் கேட்டார். நான் மறுமொழி சொல்வதற்குள் குகன் வந்து, ஜீன்ஸை உருட்டி, தன் முழங்காலை அவருக்குக் காட்டினான். பாஸ்கால் அதை மரியாதையாகப் பார்த்தார்.

லீக்கிலிருந்து வந்திருந்த அம்மையார் எங்கள் சிரிப்பை நிறுத்தினார். இரண்டு பக்கமும் ஒன்பது பேர் இறங்கினால்தான் ஆட்டம் கணக்கில் வரும். அவர்களிடம் எட்டு என்றால் எங்களுக்கும் இடமில்லை.

கெல்லியும் பாஸ்காலும் நானும் நிமலனைப் பார்த்தோம்.

“உங்களிட்டை ஆளை வாங்கினா நான் ஏதும் தரவேணும். அதுதான் முறை” என்றார் பாஸ்கால். காரைத் திறந்து தேடினார். பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் ஒன்று கிடைத்தது. வாங்கிக்கொண்டேன்.

நிமலன் பம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டு பொபினிக்காரர் பக்கம் போனான்.

ஆட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது எனக்கு அவ்வளவு இனிப்பான விஷயம் இல்லை. நாங்கள் வழக்கம்போல் தொண்டை கிழியக் கத்தினோம். ‘வரம்பு!’ என்று குகன் கத்த, நாங்கள் கரைக்கு உதைக்க, அங்கே முன்கூட்டியே நிமலன் நின்றான். ‘திற!’ என்றால் நடுவில் நின்றான். பந்தை அவன் பிடிக்கவில்லை. தட்டிவிட்டான், இடறிவிட்டான், வழியில் நின்றான். எங்கேயும் நிற்கலாம் என்ற சட்டத்தை அவனைவிட நன்றாக யாரும் பயன்படுத்தி நான் கண்டதில்லை. ஜெகன் மூச்சிரைக்க வந்து, “அண்ணை, இவனை ஏன் வித்தனியள்? இனிச் சீன பாஷையோ கத்துறது?” என்று கேட்டான்.

கடைசி நிமிடம் இரண்டு பக்கமும் சமன். எங்கள் கம்பத்துக்கு முன்னால் உயர்ந்து வந்த ஒரு பந்து, காற்றில் ஒருமுறை யோசித்துவிட்டு, நிமலனின் மடியில் வந்து இருந்தது. மார்க். அவன் வாழ்க்கையின் முதலாவது மார்க். ஆறுதலாக நின்று உதைத்தான். நடுக்கம்பங்களுக்கு இடையே போயிருந்தால் ஆறு புள்ளி. போகவில்லை. பக்கத்துக் கம்பத்தின் இடைவெளியால் போனது. இந்த ஆட்டத்தில் அப்படித் தவறவிட்டதற்கும் ஒரு புள்ளி உண்டு. அந்த ஒரு புள்ளியால் தோற்றோம்.

ஆனால் ஆட்டம் கணக்கில் வந்தது. அம்மையார் இரண்டு அணியையும் பதிந்துகொண்டு போனார். ஐந்து பேராக மிஞ்சியிருந்த எங்கள் அணி இப்போது பதினைந்து பேராகத் தன் சொந்த வாங்கில் இருந்தது. குகனின் முதலாளி அனுப்பிய கொத்துரொட்டி ஆவி பறக்க வந்தது.

கெல்லி என் தோளைத் தட்டி, “அந்தப் பெடியனை உடனை திருப்பி எடும்” என்றார். நிமலன் பொபினிக்காரரோடு புல்லில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். போய்க் கேட்டேன்.

“இல்லை அத்தான்” என்றான். கோபமில்லை, சிரிப்புமில்லை. “இவையள் என்னை ஒரு பம்ப் குடுத்து வாங்கியிருக்கினம். நீங்கள் சும்மா கிடைச்சும் வேண்டாமெண்டனியள்.”

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பந்தைப் பிடிப்பவரைத் தேட மரக்கறி போதும். எங்கே நிற்பது என்று தெரிந்தவரைத் தேட அது போதாது. அப்படி ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால், அவருடைய விலையை வெளியாள் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

போன கிழமை பம்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு பொபினிக்குப் போனேன். பாஸ்கால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிமலனின் விலை இப்போது இரண்டு பம்ப் என்றார்.