வரிக்கு இரண்டு பேர், அட்டைக்கு ஒரே வீடு

ஊரில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் தனியார் ஆஸ்பத்திரியிலேயே செலவில்லாமல் முடித்துவிடலாம். ஆனால் அட்டை வேண்டுமென்றால், குடும்ப வருமானம் குறைவு என்று வி.ஏ.ஓ. சான்று தர வேண்டும். அங்கேதான் எனக்குக் குழப்பம் தொடங்கியது.

நான் துபாய் கராமாவில் ஒரு ஹோட்டல் கிச்சனில் காய் நறுக்குகிறேன், பாத்திரம் கழுவுகிறேன். ஊரில் எனக்கு சூப்பர்வைசர் என்று பெயர். முதல் லீவில் யாரோ சொன்னது, அப்படியே நின்றுவிட்டது. உண்மை தெரிந்தவள் மனைவி மட்டும்தான்.

ரூமில் எனக்கு மேல்கட்டிலில் படுப்பவர் கீழக்கரைக்காரர். டைப்பிங் சென்டரில் வேலை. ஊர் பேங்க்கில் டெபாசிட் வட்டிக்குப் பிடிக்கும் வரியைத் திரும்ப வாங்க, வருஷா வருஷம் எனக்கு வரிக் கணக்கு தாக்கல் செய்து தருபவரும் அவர்தான். கூச்சத்தை விட்டு அவரிடம் கேட்டேன்.

"இங்கத்த சம்பளத்துக்கு அங்க வரி கிடையாது மாப்ள. உங்க கணக்குல வருமானம்னு இருக்கிறது அந்த வட்டி மட்டும்தான். அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்க. கலாஸ், வேலை முடிஞ்சுது" என்றார்.

அந்த வரிக் கணக்குக் காகிதத்தை மனைவியின் போனுக்கு அனுப்பினேன். அதில் நான் பரம ஏழை. பார்க்க எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனால் அரசாங்கமே ஏற்றுக்கொண்ட கணக்கு ஆயிற்றே?

மறுநாள் மனைவி போன் செய்தாள். வி.ஏ.ஓ. காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். போன லீவில் தெருவில் முக்கியமானவர்களுக்கெல்லாம் சென்ட் பாட்டில் கொடுத்தபோது அவருக்கும் ஒன்று கொடுத்திருந்தேன்.

"உங்க வீட்டுக்காரர் குடுத்த சென்டைப் போட்டுக்கிட்டு, அவருக்கு வருமானமே இல்லைன்னு நான் எப்படிம்மா எழுதுறது?" என்று கேட்டாராம். வரிக் கணக்கு ஆளுக்கு ஆள் தனி, அட்டைக்கு வீட்டுக்கு வருகிற சம்பளம் எல்லாம் சேரும், துபாயில் சம்பாதித்தாலும் அது இந்த வீட்டுச் சம்பளம்தான் என்றும் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இன்றும் சரியாகப் பிடிபடவில்லை. வரிக்கு நாங்கள் இரண்டு பேர். அட்டைக்கு ஒரே வீடு. வருஷத்தில் ஒரு மாதம்கூடச் சேர்ந்து இருக்காத எங்களை எந்தக் கணக்கில் வைப்பது? கீழக்கரைக்காரரிடம் சொன்னேன். அவரும் தலையைச் சொறிந்தார்.

உண்மைச் சம்பளத்தைச் சொன்னோம். அட்டை கிடைக்கவில்லை. மனைவி அரசுப் பெரியாஸ்பத்திரியில் பொது வார்டில் சேர்ந்தாள். சூப்பர்வைசர் பெண்டாட்டி அங்கே போனால் ஊர் என்ன சொல்லும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் போனில் தெளிவாகப் பேசினாள்.

"பக்கத்துக் கட்டில் அக்கா, வீட்டுக்காரருக்கு என்ன வேலைன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"துபாய்ல ஹோட்டல் கிச்சன்ல காய் வெட்றாருன்னேன். அப்ப நல்லா சமைப்பாருன்னு சொல்லு, நீ குடுத்து வச்சவன்னாங்க."

அடுத்த லீவில் வந்து சமைக்கிறேன் என்றேன்.