ஹார்மென் படிக்கப்போவாரா, சீட்டு விலை முப்பது

ஹார்மென் சைல்ஸ்ட்ராவுக்கு ஐம்பத்தொரு வயது. அதில் இருபத்தாறு வருஷம் ஆம்ஸ்டர்டாம் பங்குச் சந்தையில் ஆப்ஷன், அதாவது ஒரு பங்கைப் பின்னொரு நாள் இன்ன விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் உரிமையை, வாங்கி விற்றே கழிந்தது. ஆரம்பத்தில் சந்தைக் கூடத்தில் நின்று கத்துகிற வேலை. அப்போது கட்டிப்போன தொண்டை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. பிறகு கத்தல் நின்று திரைகள் வந்தன. கால்வாய்க்கரை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஆறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒரு விலையைப் பார்த்தால் அது சரியா தப்பா என்று அவருக்கு மூக்கிலேயே தெரிந்துவிடும். எப்படி என்று யாரும் கேட்டதில்லை, இருபத்தொன்பது வயது யூரே தலைவனாக வரும் வரைக்கும்.

"அடுத்த வருஷத்துலேருந்து விலையைக் கணக்குப் போடற மாடல் புரிஞ்சவங்க மட்டும்தான் விலை போடணும்னு மேல சொல்லிட்டாங்க," என்றான் யூரே, வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தைப் பார்த்துக்கொண்டே. "நிதிப் பொறியியல்ல ஒரு மாஸ்டர்ஸ் பண்ணிடுங்களேன். பகுதிநேரம், ரெண்டு வருஷம். ஃபீஸ் நாங்க பார்த்துக்கறோம்."

"எனக்குப் புரியலைன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. படிவத்துல 'கல்வி'ன்னு ஒரு கட்டம் இருக்கு. உங்களுக்கு நேரா அது காலியா இருக்கு."

ஹார்மென் செய்த ஒரே தவறு, இதை மதியம் பாலாடைக்கட்டி ரொட்டியைக் கடித்துக்கொண்டே எல்லோர் முன்னாலும் சொன்னது. எதிரே உட்கார்ந்திருந்த கோர்னே அவரோடு கூடத்தில் கத்திய பழைய கூட்டாளி. வாயிலிருந்ததை விழுங்கக்கூட இல்லை.

"இருபத்தஞ்சுக்கு வாங்குறேன், முப்பத்தஞ்சுக்கு விக்கிறேன்," என்றார்.

"எதை?"

"உன்னைத்தான்யா."

அன்று சாயங்காலத்துக்குள் பந்தயச் சீட்டு அச்சாகிவிட்டது. செப்டம்பர் முதல் தேதி பல்கலைக்கழகப் பதிவேட்டில் ஹார்மெனின் பெயர் இருந்தால் ஒரு சீட்டுக்கு, அந்த ஊர்க்காரர்கள் மெல்லுகிற உப்பு அதிமதுர மிட்டாய் நூறு. இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. நடுவில் எவ்வளவுக்கு வேண்டுமானாலும் வாங்கலாம், விற்கலாம்; விலையும் மிட்டாய்க் கணக்கில்தான். கோர்னே தன் திரை ஒன்றின் மூலையில் அதன் விலையை ஓடவிட்டார். முதல் நாள் முடிவில் முப்பது.

அதன்பிறகு ஹார்மெனால் நிம்மதியாகத் தும்ம முடியவில்லை. பழைய பையின் ஜிப் அறுந்துபோய்ப் புதிதாக ஒன்று வாங்கினார். புத்தகம் வைக்கத்தான் என்று பேச்சு பரவி விலை நாற்பத்தெட்டுக்கு ஏறியது. படிப்பைப் பற்றிய கையேட்டைப் படிக்கும்போது கொட்டாவி விட்டார். முப்பத்தொன்றுக்கு விழுந்தது. சரி, யாருக்கும் தெரியாமல் படிப்போம் என்று கழிவறைக்குக் கொண்டுபோனார். இருபத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்தபோது விலை ஐம்பதைத் தாண்டியிருந்தது.

கடுப்பில் அவரே பத்துச் சீட்டு விற்கப் போனார். மறுநாள் காலையில் விதிமுறைப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. படிக்கப்போவது அவர் என்பதால் உள்தகவல் உள்ளவர் ஆகிறார், ஆகவே அந்தச் சீட்டை அவர் தொடக்கூடாது. அலுவலகத்தில் நாற்பது பேர் அவர் தலைவிதியில் வியாபாரம் செய்தார்கள். அனுமதி இல்லாதவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் அந்தக் கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவர் மனைவி தினேகே, நகரத்துப் பாலங்களைத் தூக்கி இறக்குகிற வேலையில் இருந்தாள். படகு வந்தால் பாலத்தைத் தூக்கு, போனால் இறக்கு. இரண்டுக்கும் நடுவில் யோசனை என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. வெள்ளிக்கிழமை பீர் குடிக்க அலுவலகத்துக்கு வந்தவள், திரையில் ஐம்பத்தைந்து என்று பார்த்துவிட்டு, "நானூறு குடு," என்றாள்.

கோர்னே கொடுத்தார். வீட்டுக்காரியே வாங்குகிறாள் என்றதும் மற்றவர்கள் முட்டி மோதி, பத்து நிமிஷத்தில் விலை எண்பத்தொன்றானது.

எதிர்க்காற்றில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு போகும்போது ஹார்மெனுக்கு மனசு கனத்தது. ரெண்டு வருஷம் சாயங்காலத்தில் நான் வீட்டில் இல்லாமலிருந்தால் இவளுக்கு நல்லது போலிருக்கிறது! கதவைத் திறந்ததும் கேட்டுவிட்டார்.

"நான் போகணும்னு உனக்கு அவ்வளவு ஆசையா?"

"எனக்கென்ன ஆசை? நீ போகப்போறேன்னு நெனச்சேன், வாங்கினேன்."

"நீ வாங்கினதாலதானே நான் போகணும்னே நெனச்சேன்!"

தினேகே பூட்ஸைக் கழற்றுவதை நிறுத்தினாள். "அப்ப முடிவு பண்ணது யாரு?"

ஹார்மென் சைக்கிள் சாவியை ஆணியில் மாட்டினார். "மார்க்கெட்," என்றார் ஹார்மென் கடைசியில். இருபத்தாறு வருஷம் அதற்குக் கட்டுப்பட்டுப் பழகியவர், திங்கட்கிழமை நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டார். விலை தொண்ணூறு.

தேர்வு அறையில் எல்லோருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. அவரைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து ஒரு பெண் கூடுதல் தாள் கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். முதல் கேள்வி ஓர் ஆப்ஷனின் விலையைக் கண்டுபிடிப்பது. ஹார்மென் கேள்வியை ஒருமுறை படித்து, "1.17-க்கு வாங்குவேன், 1.21-க்கு விற்பேன்" என்று எழுதினார். இரண்டாம் கேள்வி, விலையைத் துளியும் அசைக்காமல் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கி விற்கக்கூடிய ஒருவர் இருப்பதாகக் கொள்க என்று தொடங்கியது. "யார் இவர்? தொலைபேசி எண் தேவை" என்று எழுதினார். மூன்றாவதில் ஒன்றை நிரூபிக்கச் சொல்லியிருந்தார்கள். "இதில் சந்தேகப்பட்டவர் யார்?" என்று எழுதிவிட்டு வெளியே வந்து காப்பி குடித்தார்.

மொத்த மதிப்பெண் பூஜ்யம். சீட்டு நாலுக்கு இறங்கியது.

இரண்டு நாள் கழித்துப் பேராசிரியை ஆலைடா அவரைக் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் விடைத்தாள் கிடந்தது.

"சரியான விடை 1.19," என்றார். "நீங்க ரெண்டு விடை எழுதியிருக்கீங்க. ரெண்டும் தப்பு. நடுவுல சரியா விடை உட்கார்ந்திருக்கு. எப்படிப் போட்டீங்க?"

"ஒரே விலை சொன்னா எங்க தொழில்ல சிரிப்பாங்க மேடம்."

"அதைக் கேக்கல. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ஹார்மென் விரலால் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "அது... அப்படித்தான் இருந்துச்சு," என்றார்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "நேராவே சொல்றேன். இது மாடல் கட்டுறவங்களுக்கான படிப்பு. இங்க வர்ற பசங்க பாதிப்பேர் நீங்க ஏற்கனவே பார்க்கிற வேலைக்குத்தான் ஆசைப்படறாங்க. வேலையைக் காப்பாத்திக்க நீங்க இதைப் படிச்சா, ரெண்டு வருஷம் கழிச்சு அதே நாற்காலியிலதான் வந்து உட்காருவீங்க. முதுகுவலிதான் கூட இருக்கும்."

"அப்ப வேணாமா?"

"மாஸ்டர்ஸ் வேணாம். ஆனா 1.19 ஏன் 1.19னு தெரிஞ்சுக்கணும்னு தோணுதா?"

இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவருக்கு அந்த அறையில்தான் தெரிந்தது. தோன்றியது. கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு அடிப்படைக் கணக்கு வகுப்பு எடுக்கிறேன். பட்டம் கிட்டம் கிடையாது. தேர்வும் இல்ல. பேரைப் பதிஞ்சுக்கோங்க."

பதிந்துகொண்டார். அலுவலகத்தில் வந்து சொன்னபோது கோர்னே முதலில் சிரித்தார். அப்புறம் தன் சீட்டைத் தானே எடுத்துப் படித்தார். 'பல்கலைக்கழகப் பதிவேட்டில் பெயர்' என்றுதான் இருந்தது. மாஸ்டர்ஸ் என்ற சொல்லே இல்லை. நிறுவனத்தின் வக்கீலிடம் ஓடினார். வக்கீல் நாலு பக்கத்தில் கருத்து எழுதிக் கொடுத்தார். பெயர் என்றால் பெயர்தான். வக்கீலிடமும் பதினைந்து சீட்டு இருந்தது பின்னால்தான் தெரியவந்தது.

தினேகே ஒரு சீட்டையும் விற்கவில்லை. விலை நாலுக்கு வந்தபோது ஏன் விற்கவில்லை என்று கேட்டதற்கு, "அதைப் பார்த்துக்கிட்டே இருக்கணுமா?" என்றாள். செப்டம்பர் முதல் தேதி சீட்டுக்கு நூறு கிடைத்தது. வாங்கிய விலை போகச் சீட்டுக்கு நாற்பத்தைந்து லாபம், மொத்தம் பதினெட்டாயிரம் மிட்டாய். கிட்டத்தட்ட அறுபது கிலோ. குறுகலான மாடிப்படியில் மூட்டைகள் ஏறவில்லை. சாமான் ஏற்றவென்றே அந்த ஊர் வீடுகளின் முகப்பு உச்சியில் இருக்கும் கொக்கியில் கயிறு போட்டு, பியானோ ஏற்றுவதுபோலக் கோர்னேயே கீழே நின்று இழுத்தார். ஜன்னலில் நின்ற தினேகே, "இடது பக்கம், இடது பக்கம்!" என்று அதிகாரத்தோடு கையை ஆட்டினாள்.

வேலை என்ன ஆகுமோ என்று ஹார்மென் யூரேயிடம் போனார். "தம்பி, மாஸ்டர்ஸ் நான் பண்ணப்போறதில்ல. செவ்வாய்க்கிழமை ஒரு கணக்கு வகுப்பு மட்டும்தான்."

"பல்கலைக்கழகத்துலயா?"

"ஆமா."

யூரே படிவத்தை எடுத்தான். கல்வி என்ற கட்டத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே இடம்தான் இருந்தது. 'ஆம்' என்பதில் ஒரு டிக் போட்டான். "முடிஞ்சுது," என்றான். அவன் முகத்தில்தான் அதிக நிம்மதி தெரிந்தது.

முதல் செவ்வாய்க்கிழமை பேராசிரியை கரும்பலகையில் ஒரு சின்ன ஆப்ஷனை எழுதி, விலையைப் படிப்படியாகக் கொண்டுவரச் சொன்னார். ஹார்மெனின் மூக்குக்கு விடை உடனே தெரிந்தது. மூன்று யூரோ, அதற்கு ஒரு சென்ட் மேலே கீழே. அதை மறைத்துவிட்டு நேர்மையாக முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். அடித்தார், திருத்தினார், பக்கத்துப் பெண்ணிடம் ரப்பர் கடன் வாங்கினார். ஒன்றரை மணி நேரம் ஓடியது.

"ஹார்மென், என்ன வந்துச்சு?"

"மைனஸ் நாலு மேடம்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"ஆனா அந்த விலைக்கு யாராவது குடுக்கறாங்கன்னா சொல்லுங்க, எவ்வளவு இருந்தாலும் வாங்கிக்கறேன், கூடக் காசும் அவங்கதான் தரணும்."

பேராசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை எடுத்துப் பார்த்து, ஐந்தாவது வரியில் தப்பாக விழுந்த ஒரு மைனஸ் குறியை வட்டமிட்டார். ஹார்மென் தாளைத் திரும்ப வாங்கினார். அந்த வரியைக் கண்கொட்டாமல் பார்த்தார். மற்றவர்கள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் இன்னொரு தாளை எடுத்து, மேலே தேதியை எழுதினார்.