கழுவாத காயத்துக்கு அடித்த பில்

கிளினிக் கவுண்டர் வேலைக்கு, டாக்டர் சொன்னதைக் கணினியில் அடிக்கும் கையும் எதையும் கேட்காத வாயும் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கவுண்டரில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது புரியும்.

இரண்டே நிமிடம்

மலேசியாவில், அசாம் ஜாவா பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் ஒன்பது வருடம் இருந்தேன். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் சரசு அக்கா ஒருநாள் நொண்டிக்கொண்டு வந்தார். உள்ளங்காலில் முள் ஏறி நான்கு நாளாகிவிட்டது. இனிப்பு நீர் வியாதி, அதாவது சர்க்கரை, வேறு. உள்ளே போனவர் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தார். காலில் சுற்றியிருந்த பழைய துணி அப்படியே இருந்தது. டாக்டர் காலைப் பார்த்தாரா என்று கேட்டேன்.

"மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தே பார்த்தாரு. அவருக்குக் கண்ணு ரொம்ப நல்லா இருக்கு போல."

அதே வரி

வைத்தியச் செலவு தோட்டக் கம்பெனியுடையது. 'காயம் கழுவிக் கட்டுப் போட்டது' என்று பில்லில் அடிக்கச் சொன்னார் டாக்டர். அக்கா நான்கு முறை வந்தார். நான்கு முறையும் அதே வரி. கடைசி முறை மட்டும், "கட்டு மாத்தலையே டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கம்பெனிக்காரன் வந்து கட்டை அவிழ்த்துப் பார்க்கப் போறானா? சொன்னதை அடி லா."

கவுண்டரில் நான்கு தாள்

பத்து நாள் கழித்து அக்காவின் கணவர் வந்தார். லோரி ஓட்டுபவர், அதிர்ந்து பேசாத மனிதர். அரசாங்க ஆஸ்பத்திரியில் அக்காவின் இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள் என்றார். தோட்ட அலுவலகத்தில் வாங்கிய பில் நகல்களை என் முன்னால் வைத்தார். ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து.

"வீட்ல கட்டுனதெல்லாம் என் பழைய சட்டைத் துணி. நீங்க போட்ட நாலு கட்டு எங்க, தங்கச்சி?"

விசாரணை

அக்காவின் கணவர் புகார் கொடுத்தார். பல மாதம் கழித்துக் கோலாலம்பூரில் மருத்துவ மன்ற விசாரணை. எங்கள் கிளினிக்கின் இன்னும் பல பில்களும் இப்படிப் பொய்யாகவே இருந்தன என்று அங்கேதான் தெரிந்தது. அதைவிட என்னை உறைய வைத்தது டாக்டரின் பதில்: எல்லாம் கவுண்டர் பெண் செய்த தவறாம். ஒன்பது வருடம் நான் டீ கலக்கிக் கொடுத்த மனிதர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அதைச் சொன்னார். 'டாக்டர் சொன்னார், நான் அடித்தேன், பொய் என்று தெரிந்தே அடித்தேன்' என்று நான் சொல்லிவிட்டேன். அவர் தொழில் செய்யத் தடை விதித்தார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கையோடு போயிற்று.

வெளியே அக்கா கைத்தடியோடு நின்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"இன்னிக்குச் சொன்னது சரிதான். ஆனா அன்னிக்கே, 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க'ன்னு என் காதுல ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே."

இப்போது வேறொரு கிளினிக்கில் இருக்கிறேன். ஒரு வரி அடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்துபோய் நோயாளியைப் பார்ப்பதால், வேலையில் ரொம்ப மெது என்று எனக்கு அங்கே பெயர்.