ஐயோ பாவத்துக்குப் போட்ட கதிரை

முதல் நாள் அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

மன்னார் அக்கா. வேதக்காரி, மாதாவைக் கும்பிடுகிறவர். அவருடைய மனிசன் கடலுக்குப் போனார். படகு மட்டும் திரும்பி வந்தது.

ஹம்மர்பெஸ்ட் அக்கா. நோர்வேயின் வடக்கு மூலையில் இருக்கிற அந்த ஊரில் மீன் பாக்டரியில் வேலை செய்தவர். மனிசன் மாரடைப்பில் போன பிறகு ஒஸ்லோவுக்கு வந்தார். சத்தமாகத்தான் கதைப்பார்.

சென்னைப் பிள்ளை. விவாகரத்து எடுத்தவள். எங்கள் பக்கத்துத் தமிழ் அவளுக்குப் பாதிதான் விளங்கும்.

கூட்டம் நடத்துகிற பிள்ளை. இங்கே பிறந்தவள். மனக்கஷ்டப்பட்ட ஆட்களோடு கதைப்பதற்கென்றே படித்தவள்.

நான்.

ஹவுகெட்டோ ஸ்டேசனுக்குப் பக்கத்தில், ஒரு கடைக்கு மேலே அந்த அறை. வட்டமாகக் கதிரைகள். வாசலில் பனிச் சப்பாத்துகள். சனிக்கிழமை காலையில் கூடுவோம்.

நான் விரும்பிப் போகவில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். நித்திரை வருவதில்லை என்று டாக்டரிடம் போனேன். அவர் அங்கே அனுப்பினார்.

என் மனிசனைப் போர் முடிந்த நேரம் ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். விடவில்லை. செத்ததற்கும் காகிதம் இல்லை, இருப்பதற்கும் இல்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே வந்தேன். அந்தக் கதையை அகதி அலுவலகத்தில் சொன்னேன். வக்கீலுக்குச் சொன்னேன். டாக்டருக்குச் சொன்னேன். போதும்.

கதிரையில் இருந்ததும் அதைத்தான் சொன்னேன்.

“நான் கதை சொல்ல வரேல்லை.”

“கிரைட், அன்ரி,” என்றாள் கூட்டம் நடத்துகிற பிள்ளை. சரி என்பதை நோர்வே மொழியில் அப்படித்தான் சொல்லுவார்கள். “அந்தக் கதையை நான் கேக்க மாட்டன். இப்ப உங்களுக்கு என்ன கரைச்சல்? அதை மட்டும் சொல்லுங்கோ.”

கரைச்சல் மகளின் கலியாணம். பெடியன் நல்லவன். லில்லெஸ்ட்ரோமில் மண்டபம் எடுத்தாயிற்று. மச்சாள் போன் எடுத்தார். மச்சாள் என்றால் என் மனிசனின் அக்கா. ஆராத்தி எடுக்க நான் மேடைக்கு வரக்கூடாதாம். புருசனோடு வாழ்கிறவர்கள்தான் எடுக்கலாமாம்.

“நீ கீழ முன்வரிசையில இரு. ஐயோ பாவம், உன்னை ஆர் குறை சொல்லுறது? ஆனா பிள்ளையின்ரை வாழ்வெல்லோ,” என்றார்.

தன் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று கோயில் கோயிலாக நேர்த்தி வைக்கிறவரும் இதே மச்சாள்தான்.

“அப்ப மச்சாளோ பிரச்சினை?” என்று பிள்ளை கேட்டாள்.

“இல்லை. அவ போனா இன்னொருத்தி வருவா.”

“அப்ப எது?”

மன்னார் அக்கா சொன்னார்.

“அந்தச் சொல்லுத்தான். ஐயோ பாவம். எனக்கும் அதுதான். கடையில, கோயில்ல, பிள்ளையளின்ரை சாமத்தியச் சடங்கில. எங்கை போனாலும் எனக்கு முன்னம் அது வந்து நிக்கும்.”

“அப்ப அதுக்கு அந்தப் பேரையே வைப்பம்,” என்றாள் பிள்ளை. “நீங்கள் பிரச்சினை இல்லை. அதுதான் பிரச்சினை. அது எப்பிடி இருக்கும்? எப்ப உங்கடை வீட்டை வரும்? உங்களை என்ன செய்யச் சொல்லும்?”

இதென்ன பைத்தியக்கார விசர்க் கதை என்று நினைத்தேன். ஹம்மர்பெஸ்ட் அக்காவுக்கு அது பிடித்துவிட்டது. எழும்பினார். மூலையில் கிடந்த கதிரையை இழுத்து வந்து வட்டத்துக்கு வெளியே போட்டார்.

“ஐயோ பாவம், வா. இதில இரு. வாயைத் திறந்தியோ, இது மீன் வெட்டின கை, பாத்துக்கொள்.”

“அக்கா, அதுக்கு காபி குடுக்கலாமா?” என்றாள் சென்னைப் பிள்ளை.

“குடுக்காதை. பிறகு எழும்பாது.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு சனியும் அந்தக் கதிரை வெளியே இருந்தது.

அங்கே ஒரு சட்டம். ஒருத்தி கதைத்தால் மற்றவர்கள் புத்தி சொல்லக்கூடாது. பாராட்டவும் கூடாது. கேட்டதில் எது மனதில் நின்றது, அது தங்கள் சீவியத்தில் எதை ஞாபகப்படுத்தியது, அதை மட்டும் சொல்ல வேண்டும். அது எனக்குச் சரிவந்தது. புத்தி சொல்ல எனக்கு ஊர் நிறைய ஆள் உண்டு.

ஒருநாள் பிள்ளை என்னைக் கேட்டாள்.

“ஐயோ பாவம் சொன்னதைக் கேக்காமல் நீங்கள் செய்த ஒரு காரியம் சொல்லுங்கோ. சின்னனா இருந்தாலும் காரியமில்லை.”

“அப்பிடி ஒண்டும் இல்லை.”

அடுத்த கிழமையும் கேட்டாள். நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

“பொட்டு வைக்கிறன்.”

பொட்டு வைத்தால் ஆருக்கு என்று கேட்பார்கள். வைக்காவிட்டால், அவர் செத்துவிட்டார் என்று இவள் முடிவெடுத்துவிட்டாள் என்பார்கள். கோயிலில் ஒருத்தி குங்குமத் தட்டை என்னைத் தாண்டிக் கொண்டு போனாள். பின்னால் போனேன். தட்டில் கையை வைத்து நானே எடுத்தேன். அங்கேயே, அவளுக்கு முன்னால் வைத்தேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பிள்ளை மற்றவர்களைப் பார்த்தாள்.

“நீங்க பின்னாடி போனீங்கல்ல, அதுதான் மனசுல நிக்குது,” என்றாள் சென்னைப் பிள்ளை. “டைவர்ஸ் ஆனதும் சிவப்புப் புடவையை எல்லாம் மடிச்சு உள்ள வச்சுட்டேன். யாரும் சொல்லல. நானா வச்சேன். வெளியே எடுக்கணும்.”

“மனுசன் செத்து முப்பத்தொண்டுச் சடங்கு முடிய முதல் பாக்டரிக்குப் போனனான்,” என்றார் ஹம்மர்பெஸ்ட் அக்கா. “நெஞ்சில ஈரமில்லாதவள் எண்டினம். நான் அழுது முடியுமட்டும் மீன் பாத்துக்கொண்டு இருக்குமே?”

மன்னார் அக்கா என் நெற்றியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அன்று நான் முடிவாகச் சொன்னேன்.

“ஆராத்தி நான் எடுப்பன்.”

“மகளிட்டைக் கேட்டனீங்களோ?” என்றாள் பிள்ளை.

கேட்கவில்லை. அது நல்ல கேள்வி. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மகள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள்.

“பயமா இருக்கம்மா. ஆக்கள் கதைப்பினம்.”

“கதைக்கட்டும். வாய் இருக்கு.”

“மேடையில வைச்சு ஆரும் ஏதும் சொன்னால் நீங்கள் அழுவீங்களோ?”

“நான் எப்ப அழுதனான்?”

தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். “அப்ப நீங்கள்தான் எடுக்கவேணும். மாமி எடுத்தால் நான் குனிஞ்சுகொண்டு நிப்பன்,” என்றாள். மாமி என்றது மச்சாளை.

கலியாணத்தன்று தாரை வார்த்துக் கொடுக்க என் அண்ணாவும் அண்ணியும் இருந்தார்கள். சோடியாகத்தான் கொடுக்கலாம் என்றார் ஐயர். அதை விட்டேன். இதை விடுவதில்லை என்று இருந்தேன்.

கூட்டத்துப் பெண்களைக் கூப்பிட்டிருந்தேன். நடத்துகிற பிள்ளை வரவில்லை. “இனி அது உங்கடை வேலை, அன்ரி,” என்றாள்.

தாலி கட்டியாயிற்று. ஆராத்தித் தட்டில் வாழைப்பழத் துண்டுகள், அவற்றில் திரி, திரியில் நெருப்பு. மாப்பிள்ளையின் சித்தி ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் மச்சாள். நான் படியேறிப் போனேன்.

“மச்சாள், தாங்கோ.”

“உனக்கென்ன விசரே? சபையில வைச்சு...”

“தம்பி இருக்கிறான் எண்டு நேர்த்தி வைக்கிறது நீங்கள்தானே. அவர் இருக்கிறார் எண்டால் நான் ஆர்?”

மச்சாள் தட்டை விட்டார். நான் பிடித்தேன். உடனே மற்றப் பக்கத்துச் சித்தியும் கையை எடுத்துவிட்டுப் பின்னால் போனார். தட்டுச் சரிந்தது. நெருப்பு ஒரு பக்கம் படுத்தது. நிமிர்த்திப் பிடித்தேன். தனியே ஆராத்தி எடுக்கிற வழக்கம் இல்லை. ஐயர் கூரையைப் பார்த்தார். வீடியோப் பெடியன், “அன்ரி, எடுக்கிறதோ, நிப்பாட்டுறதோ?” என்றான்.

“எடு,” என்றேன்.

கீழே கதிரை இழுபட்டது.

“தள்ளுங்கோ, தள்ளுங்கோ. வழி விடுங்கோ.”

ஹம்மர்பெஸ்ட் அக்கா மேலே ஏறி மறுபக்கம் பிடித்தார். பின்னால் சென்னைப் பிள்ளை, சிவப்புப் புடவையில். கடைசியில் மன்னார் அக்கா. அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“மாதா கோவிப்பாவோ?”

“அவவும் பிள்ளை பெத்த மனுசிதானே. பிடி,” என்றார் ஹம்மர்பெஸ்ட் அக்கா.

“ஐயோ பாவம் எங்கை?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“கார் பார்க்கில நிக்குது,” என்றார் ஹம்மர்பெஸ்ட் அக்கா. “டிக்கெட் எடுக்கேல்லை. பைன் அடிப்பாங்கள்.”

நாலு பேரும் தட்டைப் பிடித்துச் சுற்றினோம். மகள் குனியவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் அழவில்லை. சிலர் எழும்பிச் சாப்பாட்டுப் பக்கம் போனார்கள். மச்சாளும் போனார். போகட்டும், சோறு எல்லாருக்கும் இருந்தது.

வீடியோ வீட்டில் இருக்கிறது. முகங்கள் சரியாக விழவில்லை. தட்டு தெளிவாகத் தெரிகிறது. அதில் இருக்கிற கைகள் எட்டு.